செவ்வாய்க்குப் போன செருப்பு

கனகம் விண்கப்பலில் போய் வந்தவர்களைக் கேட்டால், நட்சத்திரங்களைப் பற்றியோ நிலாவைப் பற்றியோ முதலில் பேசமாட்டார்கள். "பூமியில கழட்டிவுட்ட செருப்புங்க. நாங்க செவ்வாயில எறங்கறப்ப எங்களுக்கு முன்னால வந்து நிக்குதுங்க" என்பார்கள். சொல்லிவிட்டு, நாம் நம்புகிறோமா இல்லையா என்று முகத்தையே பார்ப்பார்கள்.

நம்பலாம். கப்பலுக்கு அடியில் நான்கு சக்கரம் வைத்த நீளமான பலகை ஒன்று உண்டு. கயிற்றை இழுத்தால் இந்தப் பக்கத்துச் செருப்பையெல்லாம் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சக்கரங்களை வாங்கி வந்தவர் முதலாளி கோவிந்தராஜுலு. பலகையை அடித்தவர் கேப்டன் ஆறுச்சாமி. ஆனால் பலகை வருவதற்கு முன்னால் ஒரு மாதம் அந்த வேலையைச் செய்தவை ஆறுச்சாமியின் இரண்டு கைகள். அவருடைய வாழ்க்கையைச் சொல்வதென்றால் அந்த ஒரு மாதத்தைச் சொன்னால் போதும்.

ஆறுச்சாமியை அவன் இவன் என்று பேசித்தான் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். இங்கே அவர் என்றே சொல்வோம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தாராபுரத்துக்குத் தெற்கே கருக்கம்வலசு அவருடைய ஊர். அப்பா சின்னான், நிலத்துக்காரரான பெரிய பண்ணாடியின் தோட்டத்தில் நாற்பது வருஷம் உழைத்தவர். உழவு, பாத்தி, களையெடுப்பு, மாடு, மடை என்று அந்தத் தோட்டத்தில் அவர் கை படாத செடியில்லை. ஆனால் பண்ணாடி வீடு இருக்கிற தெருவில் சின்னானும் அவருடைய சனமும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. அப்படி எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் யாராவது அழித்திருப்பார்கள். சின்னான் வீட்டுக்குப் போகவும் அந்தத் தெருதான் வழி. அது தொடங்குகிற ஊர் எல்லையில் ஒரு வேப்பமரம் இருந்தது. மரம் வரைக்கும் செருப்பு காலில். மரத்தைத் தாண்டினால் கக்கத்தில்.

ஒரு சித்திரை மதியம், பத்தொன்பது வயது ஆறுச்சாமி அப்பாவுக்குப் பின்னால் அந்தத் தெருவில் நடந்து வந்தார். மண் கொதித்தது. சின்னான் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு எட்டி எட்டிக் கால் வைத்தார். வேலை முடிந்து வருகிற பெரிய மனுஷர் பாண்டி ஆடுகிற பிள்ளையைப்போல் தத்திக்கொண்டு போனார். ஆறுச்சாமிக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. இனி எவர் செருப்பையும் கையால் தொடுவதில்லை, தன் செருப்பையும் கையில் தூக்குவதில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தார். அடுத்த வாரமே கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் முதலில் ஒரு பவுண்டரியில் மண் சலித்தார். பிறகு கோவிந்தராஜுலுவின் மோட்டார் பம்பு பட்டறையில் ஃபிட்டர் ஆனார். வள்ளியாத்தாளைக் கட்டிக்கொண்டார். அவளுக்குத் தையல் தெரியும். வருஷங்கள் போயின. அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போனால் அந்தத் தெருவில் நுழையாமல், வேப்பமரத்தடிக்கு வரச்சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு தடவை நீலவார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். சின்னானுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பத்திரமாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

கப்பல் வந்தது கோவிந்தராஜுலுவின் பேப்பர் படிக்கிற பழக்கத்தால். காலையில் பட்டறையில் காபியோடு பேப்பரை விரித்தால் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை விடமாட்டார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவருக்கு ஒரு விஷயம் மண்டைக்குள் ஏறிவிட்டது.

"ஏப்பா ஆறு, டெலிபோன தனியாருக்கு வுடப்போறாங்களாம். ஏரோப்ளேன வுட்டுட்டாங்க. நாளைக்கு ராக்கெட்டயும் வுட்டுருவாங்க. நம்ம ஊருல தனியார் பஸ்ஸு ஓட்டலயா? டயத்துக்கு வருதா இல்லயா? அப்பறம் கப்பலு மட்டும் ஏன் அரசாங்கத்துக்கிட்ட இருக்கோணும்?"

"கப்பலுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"விண்கப்பலு."

காயலான் கடையில் கிடந்த பழைய பஸ் ஒன்று பட்டறைக்கு வந்தது. எட்டு மாசம் அதை உடைத்து, வெட்டி, பற்றவைத்தவர் ஆறுச்சாமி. பஸ் உடம்பை லாரி ஸ்பிரிங் பட்டைகளின்மேல் உட்காரவைத்து, அடியில் ஒரு மோட்டாரையும் அச்சு நடுவிலிருந்து விலகின ஒரு சக்கரத்தையும் பொருத்தினார். மோட்டார் ஓடினால் கப்பல் முன்னும் பின்னும் ஆடும், லேசாகத் தூக்கும், குலுங்கும். ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி உருளைகளில் ஓடும். துணியில் பொடி ஓட்டைகள், பின்னால் பல்பு. உள்ளே பதினாறு பேர் உட்கார்ந்து பார்த்தால் நட்சத்திரங்கள் பின்னால் போகும். ஏழு நிமிஷப் பயணம். முன்கதவில் ஏறினால் பூமி. பின்கதவில் இறங்கினால் செவ்வாய், அதாவது செம்மண் கொட்டி, சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய விளக்குகள் தொங்கவிட்ட ஒரு கூடாரம். கப்பல் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடிகூட நகராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முன்னால் நீலப் பெயிண்டில் 'கனகம்' என்று முதலாளியம்மாவின் பெயர். அதற்குக் கீழே, தனியார் பஸ்களில் எழுதுகிற மாதிரியே, 'பூமி – நிலா வழி – செவ்வாய்'.

கப்பலுக்கு மூன்று பேர். அடியில் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஐயாசாமி. தறிச்சத்தத்தில் பாதிக் காது போனவர் என்பதால் அந்த இரைச்சல் அவரை ஒன்றும் செய்யவில்லை. வெளியே ஒரு கூண்டுக்குள் மைக்கோடு மெர்சி. பால்வாடியில் டீச்சராக இருந்தவள். முதலாளி அவளுக்கு எழுதிக்கொடுத்த முதல் அறிவிப்பு, "பயணிகள் உடனடியாக இருக்கைகளில் அமர்க!" என்று ஆரம்பித்தது. மெர்சி அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இப்படிச் சொன்னா நம்ம சனம் கோவிச்சுட்டு எறங்கிப் போயிருமுங்க" என்றாள். அவளே ஒன்று சொன்னாள். "ஏனுங்க, எல்லாரும் உக்காந்துட்டீங்களா? கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. நெலாவத் தாண்டறப்ப கொஞ்சம் குலுங்குமுங்க. பயப்படாதீங்க, கேப்டனு இருக்காருங்க."

அந்தக் கேப்டன்தான் ஆறுச்சாமி. வள்ளியாத்தாள் தைத்த வெள்ளை உடுப்பு, தோளில் தங்க நிறப் பட்டை, தலையில் தொப்பி, காலில் கறுப்பு ஷூ. கதவருகே நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டு ஏற்றுவார். பிறகு முன்னால் போய், திரைக்குப் பின்னால் பழைய பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஏழு நிமிஷமும் அவருக்கு உண்மையில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் ஏறுகிற பெண்கள் அவரிடம், "பத்திரமாக் கூட்டிட்டுப் போயிருவீங்கல்லங்க?" என்று கேட்பார்கள். முப்பத்தெட்டு வயது வரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தத் தொப்பியை அவர் தூங்கும்போது கழற்றிவைத்ததே பெரிய விஷயம்.

அவிநாசித் தேர்தான் முதல் முகாம். தொண்ணூற்று நாலு சித்திரை. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் கனகம்மா வந்து பூஜை போட்டார். கப்பல் மூக்கில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. எலுமிச்சை நசுக்கியாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. புது வண்டிக்கு என்னென்ன செய்வார்களோ எல்லாம் செய்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

முதல் வரிசையில் வந்த பெரியவர் ஒருவர் விபூதிப் பட்டையைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். அவருக்குப் பின்னால் வந்த பதினைந்து பேரும் அப்படியே செய்தார்கள். ஆறுச்சாமிக்குக்கூட அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சாமி கும்பிட்ட வண்டியில் செருப்போடு யார் ஏறுவார்கள்?

கப்பல் ஆடியது, நட்சத்திரம் ஓடியது, நிலாவைத் தாண்டும்போது குலுங்கியது. பின்கதவு திறந்தது. பதினாறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு செவ்வாயில் இறங்கினார்கள். செம்மண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மா மட்டும் குனிந்து காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம செருப்பு பூமியிலயே கெடக்குதுங்களே."

அவ்வளவுதான். பதினாறு பேரும் கூடாரத் துணியைத் தூக்கி, பத்தடி சுற்றிவந்து, பூமியில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அடுத்த பயணத்துக்கு நின்ற வரிசை அவர்களைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கப்பலின் மானமே போயிற்று. "செவ்வாயி தேர்முட்டிக்குப் பக்கத்துலயே இருக்குதுடோய்" என்று ஒருவர் கத்தினார்.

கோவிந்தராஜுலு என்னென்னவோ பார்த்தார். "செருப்போடயே ஏறுங்க" என்று மெர்சியைச் சொல்லவைத்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. விபூதியை அழிக்கலாம் என்றால் கனகம்மா, "தொடச்சுப்போட்டு நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டார். கடைசியில் முதலாளி ஆறுச்சாமியிடம் வந்தார்.

"ஏப்பா ஆறு, நீதான் ஏழு நிமிசம் சும்மா உக்காந்திருக்கே. டிரைவர் கதவுல எறங்கி, அந்தச் செருப்பயெல்லாம் சாக்குல போட்டு அந்தப் பக்கம் அடுக்கி வெச்சுப்போடு. படிக்கு முன்னால ஒரு படுதாவத் தொங்கவுட்டுரலாம், ஆரும் பாக்கமாட்டாங்க."

அவர் அதில் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஸ்பானரை எடு என்பதுபோலத்தான் சொன்னார். அதுதான் ஆறுச்சாமிக்கு இன்னும் வலித்தது. ஆனால் வெளியே சனம் சிரித்துக்கொண்டிருந்தது. எட்டு மாசம் ராப்பகலாகப் பற்றவைத்த கப்பல். ஆறுச்சாமி சாக்கை எடுத்தார்.

அடுத்த பயணத்தில் செவ்வாயில் இறங்கியவர்கள் தங்கள் செருப்பு வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. செருப்பு எப்படி வந்தது என்பதுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் தேர்க்கூட்டத்தில் பாதி, கப்பலுக்கு முன்னால் நின்றது. செருப்பில்லாமல் வந்தவர்கள் இரவல் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறுச்சாமி தினமும் இருபது தடவை சாக்கைத் தூக்கினார். ஒவ்வொரு தடவையும் கதவருகே போய் நின்று கும்பிடு போடுவதற்கு முன்னால் குடத்துத் தண்ணீரில் கை கழுவினார். வீட்டுக்கு வந்தும் கழுவினார்.

"ஏனுங்க, கையில தோலு உரியப்போகுது" என்றாள் வள்ளியாத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோர்த்தாள். "நானே தெச்ச உடுப்புங்க. அதப் போட்டுக்கிட்டா இந்த வேலை?" என்று மட்டும் கேட்டாள்.

தேர் முடிந்து கப்பல் பட்டறைக்கு வந்த இரண்டாம் வாரம் கோவிந்தராஜுலு ரொம்பச் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். அடுத்த முகாம் கருக்கம்வலசு மாரியம்மன் நோம்பித் திருவிழா. கோயில் கமிட்டித் தலைவரே ஆளனுப்பிக் கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கு வேண்டிய செம்மண்ணையும் தன் மேட்டாங்காட்டிலிருந்தே வண்டி வைத்து அடித்துத் தருகிறாராம்.

கமிட்டித் தலைவர் பெரிய பண்ணாடி.

ஆறுச்சாமி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "மொதலாளிங்க, அங்க நான் செருப்புத் தூக்கலீங்க" என்றார்.

"ஏம்ப்பா?"

"அது எங்க ஊருங்க."

கோவிந்தராஜுலுவுக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று சொல்லமுடியாது. புரிந்தும் புரியாத மாதிரி இருப்பதுதான் சிலருக்குச் சௌகரியம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் செருப்பப் பாக்கறதுக்குத்தாம்ப்பா கூட்டமே வருது. அது வரலீன்னா மறுக்கா சிரிச்சுப்போடுவாங்க. நீ மாட்டேன்னா, தொப்பிய வேற ஆளுக்குத்தான் போடோணும். யோசிச்சுக்க கண்ணு" என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. நிஜமாகவே யோசிக்கச் சொன்னார்.

ஆறுச்சாமி யோசித்தார். அன்றைக்கும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் யோசித்தார். தொப்பி போனால் மறுபடி பம்புக்கு நட்டு முறுக்கலாம். அது அவமானமில்லை. ஆனால் தான் கட்டின கப்பலில் இன்னொருவன் நின்று கும்பிடு போடுவதை நினைத்தால் பொறுக்கவில்லை. பண்ணாடி வீட்டுச் செருப்பைச் சாக்கில் அள்ளுவதை நினைத்தாலோ அதைவிடப் பொறுக்கவில்லை. இரண்டில் எதையும் விட முடியாமல், எதையும் சொல்லாமல், லாரியில் கப்பலை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனார்.

கப்பலில் முதலாளியே செய்துவைத்த ஒரு ஏற்பாடு இருந்தது. எந்த ஊரில் முகாம் போட்டாலும், முதல் பயணத்தில் ஒரு சீட்டு கேப்டனுடையது. அவர் இஷ்டப்பட்டவரை ஏற்றிக்கொள்ளலாம். அவிநாசியில் பூக்காரப் பாட்டி ஒருவரை ஏற்றியிருந்தார். இந்தத் தடவை அது யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேப்பமரத்தடிக்குப் போய் அப்பாவைப் பார்த்தார்.

சின்னான் மகனின் வெள்ளை உடுப்பைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு யாரோ அதிகாரி என்று ஒதுங்கி நின்றார். கிட்டே வந்ததும் சிரித்துக்கொண்டார்.

"மொதப் பயணத்துல நீங்க வரோணுங்கய்யா."

"பண்ணாடியெல்லாம் வருவாங்களாமே. அவிங்க உக்கார்ற எடத்துல நானெதுக்கப்பா?"

"அது என்ற சீட்டுங்க. கேப்டன் சீட்டு. நான் ஆரச் சொல்றனோ அவிங்கதான் உக்காரோணும்."

சின்னான் யோசித்தார். அவருக்கு ஆசை இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "மேல போனா நம்மூரு தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"சின்னதாத் தெரியுமுங்க" என்றார் ஆறுச்சாமி. வாழ்க்கையில் அப்பாவிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

நோம்பியன்று பொழுது சாயும் நேரத்தில் முதல் பயணம். பண்ணாடி குடும்பத்தோடு வந்தார். எழுபது வயது, வெள்ளை வேட்டி, நல்ல கனத்த தோல் செருப்பு. கோவிந்தராஜுலு ஓடிப்போய்க் கும்பிட்டார். பண்ணாடி ஆறுச்சாமியைப் பார்த்தார். "சின்னான் பையனாப்பா நீ? உடுப்பெல்லாம் நல்லா இருக்குது" என்றார். விபூதிப் பட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் கழற்றினார்கள். பதினைந்து ஜோடி படியருகே சேர்ந்தது.

கடைசியாகச் சின்னான் வந்தார். நீலவார்ச் செருப்பு கக்கத்தில் இருந்தது. அதைப் படியருகே மற்றதோடு வைக்கவில்லை. நாலடி தள்ளி, கூடாரக் கயிறு கட்டின முளைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கடைசி சீட்டின் ஓரத்தில், பாதி மட்டும் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எல்லாரும் உக்காந்துட்டீங்களா?" என்றது மெர்சியின் குரல். ஐயாசாமி மோட்டாரைப் போட்டார். கப்பல் கிளம்பியது.

ஆறுச்சாமி டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். கையில் சாக்கு. படுதா ஓரத்தில் கோவிந்தராஜுலு மெர்சியின் கூண்டருகே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி படியருகே வந்து நின்றார். காலடியில் பதினைந்து ஜோடி. பண்ணாடியின் தோல் செருப்பு எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்காரர் மாதிரி நின்றது.

நிலாவைத் தாண்டும் குலுக்கல் வந்தது. இன்னும் மூன்று நிமிஷம்.

அவர் சாக்கை மடித்தார். படிமேல் வைத்தார். நாலடி தள்ளிப் போய், முளைக்குப் பக்கத்தில் இருந்த நீலவார்ச் செருப்பை இரண்டு கையாலும் எடுத்தார். குதிகால் ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தது. அந்த வேப்பமரம் வரைக்குமே நடந்து அவ்வளவு தேய்ந்திருக்கிறது. வேட்டியில்லாத குறைக்கு வெள்ளைச் சட்டை ஓரத்தால் தூசியைத் துடைத்தார். செருப்பைத் தொட்டது அருவருப்பாக இல்லை. கை கழுவவேண்டும் என்று தோன்றவே இல்லை. கூடாரத்துக்குள் போய், செவ்வாயின் படிக்கட்டுக்கு நேரே, இறங்கியதும் கால் நுழைக்கிற மாதிரி வைத்தார். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்கதவு திறந்தது. பண்ணாடி முதலில் இறங்கினார். சிவப்பு விளக்கில் சுற்றிலும் பார்த்தார், தலையை ஆட்டினார். "நம்ம மேட்டாங்காட்டு மண்ணு" என்று மகனிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு கீழே பார்த்தார். செவ்வாயில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நின்றது.

"ஏம்ப்பா, செருப்பு வந்துருமுன்னு சொன்னாங்களே" என்றார்.

அதற்குள் ஆறுச்சாமி கூடாரத்துக்குள் வந்துவிட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மெர்சி சொல்கிற அதே மரியாதையோடு சொன்னார்: "உங்க செருப்பெல்லாம் பூமியில பத்தரமா இருக்குதுங்க. துணிய ஒட்டியே சுத்திப் போனா பத்தடிதானுங்க."

இவ்வளவு நாள் கட்டிக்காத்த ரகசியத்தைக் கேப்டனே போட்டு உடைத்துவிட்டார். கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் கோவிந்தராஜுலு தலையில் கைவைத்துக்கொண்டார்.

சின்னான் கடைசியாக இறங்கினார். எல்லோரும் வெறுங்காலோடு நிற்க, தன் செருப்பு மட்டும் காலடியில் இருப்பதைப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதறிப்போனார். சட்டென்று குனிந்து அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கப்போனார்.

"போட்டுக்கோங்கய்யா" என்றார் ஆறுச்சாமி.

"பண்ணாடி நிக்கறாங்கப்பா" என்று சின்னான் மெல்லச் சொன்னார்.

"நிக்கட்டுங்க. இது செவ்வாயிங்க."

சின்னான் மண்ணைப் பார்த்தார். நாற்பது வருஷம் உழுத மண் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மகனைப் பார்த்தார். மகனுடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, வலது காலைச் செருப்புக்குள் விட்டார். பிறகு இடது கால். அந்த மண்ணில் செருப்போடு அவர் நிற்பது அதுதான் முதல் தடவை. அசையாமல் நின்றார், கப்பல் இன்னும் ஆடுகிற மாதிரி.

பண்ணாடி அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணியை ஒட்டிப் பூமியைப் பார்த்து நடந்தார். நாலாவது அடியில் "ஸ்" என்று காலைத் தூக்கினார். நெருஞ்சி முள். அவருடைய மண், அவருடைய நெருஞ்சி. மகன் குனிந்து எடுத்துவிட்டான்.

கூடாரத்தில் அப்பாவும் மகனும் மட்டும் மிஞ்சினார்கள். வெளியே, அடுத்த பயணத்துக்கு நின்ற வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. கோவிந்தராஜுலு உள்ளே வந்தார்.

"ஒரு ஜோடி மட்டும் எதுக்கப்பா கொண்டாந்து வெச்சே?"

"அது எங்கய்யனோடதுங்க."

கோவிந்தராஜுலு சின்னானைப் பார்த்தார். அவர் பாதத்தைப் பார்த்தார். சின்னான் அதற்குள் கூடார வாசல்வரை போயிருந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் கோயில் மைதானம், அதைத் தாண்டினால் பண்ணாடி வீட்டுத் தெரு. வாசலில் நின்றவர் பழக்கத்தில் குனிந்தார். கை செருப்புக்குப் போயிற்று.

ஆறுச்சாமி தொப்பியைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினார். "நான் எங்கய்யன ஊட்டுல வுட்டுப்போட்டு வாரனுங்க. வந்து நீங்க சொல்றதக் கேட்டுக்கறனுங்க" என்றார். கோவிந்தராஜுலு வாங்கிக்கொண்டார்.

ஆறுச்சாமி வாசலுக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்து நிமிர்த்தினார். "வாங்கய்யா. நானும் கூட வாரேன்."

"ஊருக்குள்ளயாப்பா?"

"ஆமாங்க."

சின்னான் அந்தத் தெருவைப் பார்த்தார். மகனின் ஷூவைப் பார்த்தார். பிடித்த கையை விடாமலே முதல் அடியை வெளியே வைத்தார்.

தெருவில் நோம்பிக்காக விளக்குக் கட்டியிருந்தார்கள். வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஒவ்வொரு வீடாக நின்றது. பண்ணாடி வீட்டு வாசலில் இருந்த ஒருவர் எழுந்து நின்றார், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். ரப்பர் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் தட்டிச் சத்தம் போட்டது. சின்னானுக்கு அந்தச் சத்தமே பெரிய குற்றம்போல் இருந்திருக்க வேண்டும். நடையைச் சுருக்கினார், மெதுவாக்கினார். சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் தெருக்கோடி வரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் மெர்சியின் குரல் வந்தது.

"ஏனுங்க, வரிசையில நிக்கறவிங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நம்ம கேப்டனு அவிங்க அய்யனக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போயிருக்காருங்க. வேற ஆளு இல்லீங்க. அவரு வந்தாத்தானுங்க கப்பலு கெளம்பும். மொதலாளியே சொல்லச் சொன்னாருங்க."

ஊரே அதைக் கேட்டது. சின்னான் நடுத்தெருவில் நின்று ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்.

"உன்னையத்தான் சொல்றாங்களாப்பா?"

"ஆமாங்கய்யா."

"சனம் காத்துக்கிட்டு நிக்குதாமே. வெரசாப் போலாமா?"

"எதுக்குங்க? நீங்க மெதுவா நடங்க" என்றார் ஆறுச்சாமி.